முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் உட்கார்ந்தவள்

அவைக்கு அழகு சேர்க்கும் தலைவர் அவர்களே, கஞ்சி போட்ட சட்டையைவிட விறைப்பாக வீற்றிருக்கும் மேற்பார்வையாளர் அவர்களே, ஓய்வு பெற்றும் ஓயாது பேசும் பெரியோர்களே, மருத்துவமனையின் மலை மலையான படுக்கை விரிப்புகளை வெளுத்து, விரித்து, வெப்பத்தில் வாட்டி, வெண்மேகங்களாக்கி அனுப்பும் சலவைக்கூடத்து வீரத் தாய்மார்களே, இவன் எப்போது உட்காருவான் என்று கடிகாரம் பார்க்கும் கடைசி வரிசை நண்பர்களே, வணக்கம்!

எனக்குச் 'சிறந்த பயிற்சியாளர்' கோப்பை கொடுத்திருக்கிறீர்கள். எதற்காக? இஸ்திரிப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் நின்றே தேய்ந்த என் தங்கை, நாற்பத்தேழு வயதில், நாற்பத்திரண்டு கிலோமீட்டர் மாரத்தானை ஓடி முடித்தாள். ஐந்து மாதம் அவள் பின்னால் சைக்கிளில் போனவன் நான். ஓடியது அவள், மூச்சு வாங்கியது நான்! தட்டுங்கள், கைக்கு வலிக்காது.

முதல் நாள் மருத்துவமனை வாசலிலிருந்து தபால் நிலையம் வரை ஓடினாள். வெறும் அறுநூறு மீட்டர்! அவள் விட்ட பெருமூச்சில் சாலையோர மரங்கள் மொட்டையாயின!

"அண்ணா, போட்டிப் பட்டியல்ல என் பேரை அடிச்சிட்டு வந்துடவா?"

"அடிச்சா அந்த இடத்துல என் பேரை எழுதிடுவாங்க. இந்தத் தொப்பை தாங்குமா? ஓடு!"

ஓடினாள். வேலைக்கு முன் ஓடினாள், வேலை முடிந்தும் ஓடினாள், வெயிலே ஒதுங்கி வழிவிட ஓடினாள். என் மகளின் பழைய குட்டி சைக்கிளிலிருந்து கழற்றி, என் பெரிய சைக்கிளில் நானே மாட்டிய மீட்டர்தான் தூரம் சொன்னது. அந்த மீட்டரை மறந்துவிடாதீர்கள்.

போட்டிக்கு மூன்று வாரம் இருக்கையில், மீட்டர் முப்பத்திரண்டைக் காட்டியபோது, நடைபாதையில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"முடியலண்ணா. இன்னும் பத்து கிலோமீட்டரா? பள்ளிக்கூடமும் பாதியில, தையல் வகுப்பும் பாதியில. இதுவும் பாதியிலதானா?"

சபையோரே, என் வாய் அடைத்துப்போன வரலாற்றுச் சம்பவம் அதுதான்! வாய் திறந்தது யார்? தினமும் அவளுக்கு எதிரே நின்று விரிப்பின் மறுமுனையைப் பிடிக்கும் கூட்டாளி. மறுநாள் மடித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன்டி, குவியலைப் பார்த்துக்கிட்டா மடிக்கிறோம்? அதுக்கு முதுகைக் காட்டிட்டுத்தானே நிக்கிறோம்? கையில இருக்கிறத மடி. அப்புறம் அடுத்தது. ஓடறதும் அப்படித்தான்டி."

இதுவன்றோ பயிற்சி! அன்றுமுதல் என் தங்கைக்கு ஒவ்வொரு கிலோமீட்டரும் ஒரு விரிப்பு. கால் ஓடத் தெரிந்துகொண்டது என் சைக்கிளுக்கு முன்னால். மனம் ஓடத் தெரிந்துகொண்டது இஸ்திரி மேசைக்கு முன்னால்.

போட்டியன்று முப்பத்திரண்டாவது கிலோமீட்டர் பலகையருகே, தண்ணீரும் பயமுமாக நின்றேன். வந்தாள். பலகையைப் பார்த்தாள்.

"முப்பத்திரண்டா? பொய் சொல்லுது! கால் இன்னும் சண்டையே போடலையே!"

எல்லைக் கோட்டைத் தாண்டியதும் கேட்ட கேள்வி, "அண்ணா, அதுக்குள்ள முடிஞ்சிடுச்சா?"

நான் நெஞ்சை நிமிர்த்தினேன். என் பயிற்சியல்லவா! அந்த நெஞ்சு நேற்று மாலைவரை நிமிர்ந்தே இருந்தது. நேற்று மாலை சைக்கிள் கடைக்காரர் மீட்டரைப் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணே, இது சின்னச் சக்கரத்துக்கு அளவு வச்சது. இதுல மூணு காட்டினா, நீங்க கிட்டத்தட்ட நாலு போயிருப்பீங்க."

கணக்குப் போட்டேன். வியர்த்தது. அன்று அவள் உட்கார்ந்தது முப்பத்திரண்டில் அல்ல; நாற்பத்தொன்றரையில்! மிச்சமிருந்தது என்ன? வாசலிலிருந்து தபால் நிலையம் வரை, அந்த முதல் நாள் தூரம்தான்!

அம்மா தாயே, முன்வரிசையில் செருப்பைத் தேடாதே!

"மூணு வாரம் அழுதேனேண்ணா!" என்கிறாள். கேட்டீர்களா? அழு, தாயே, திட்டு, தாயே. ஆனால் இனி ஒருநாளும் 'பாதியில் விட்டவள்' என்று உன்னைச் சொல்லாதே! ஐந்து மாதமாக, எத்தனை என்று சொன்னேனோ அதற்கும் மேலே ஓடியவள் நீ. முடியவில்லை என்று உட்கார்ந்த இடமே முடிவுக்குப் பக்கத்தில்தான்! இதை மனப்பலம் என்பதா, கால்பலம் என்பதா? இரண்டும் இந்தச் சலவைக்கூடத்துப் பலம் என்பேன்!

ஆகவே, தலைவர் அவர்களே, இந்தக் கோப்பை என் கையில் கூசுகிறது. அதன் ஒரு காதை விரிப்பின் மறுமுனை பிடித்தவள் பிடிக்கட்டும். மறுகாதை என் தங்கை பிடிக்கட்டும். இருவருக்கும் அது பழகிய வேலைதான்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. தூங்கியவர்களுக்குக் காலை வணக்கம்! மேலே வா, தங்கச்சி. மேடைக்கு ஆறே படிதான். பயப்படாதே, இதை அளந்தது நானல்ல!