மஞ்சள் பூசிய சர்வே கல்

எனக்குச் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர் சார். ஐம்பதைத் தாண்டிய பிறகு டீயை அதன் ருசிக்காகவே குடிக்கப் பழகிவிட்டேன்.

வங்கி ஏலத்துக்கு வரும் வீடுகளை வாங்கி விற்பது என் தொழில். பேப்பரில் விளம்பரம் வந்ததும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவேன். பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு சோடா குடித்தால் போதும். கடன் எப்படி வந்தது, குடும்பத்தில் யார் யாரோடு பேசுவதில்லை என்பது வரை தெரிந்துவிடும். முதல் ஏலத்துக்கு ஆள் வராவிட்டால் வங்கி விலையைக் குறைத்து மறுபடி ஏலம் விடும். அதுவரை பொறுக்க வேண்டும். என் பொறுமையைக் கெடுப்பவர்கள் நம் நிலக்கரிச் சுரங்க டவுன்ஷிப் ஆட்கள்தான். ரிட்டயர் ஆனதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டுமே, வெளியே எந்த வீடு வந்தாலும் மொய்த்துவிடுவார்கள்.

அவர்களை விரட்ட ஒரு கல் போதும். சுரங்கத்துக்கு நிலம் எடுக்கும் முன் சர்வே கல் நடுவார்கள் இல்லையா? கல் நட்ட மனையை எவன் வாங்குவான்? கம்மாபுரம் பக்கம் செந்தாமரை அம்மாவின் வீடு விளம்பரத்தில் வந்ததும், கொல்லையில் நானே ஒன்றை நட்டேன். வெள்ளைப் பெயிண்ட், சிவப்பில் ஒரு எண். பார்க்க வந்தவர்கள் வண்டியை விட்டுக்கூட இறங்கவில்லை.

அந்த அம்மாவோ கல்லைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். புருஷன் போய்விட்டார், ஒரே மகன் அருண்ராஜ் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. நிலம் கொடுத்தால் மகனுக்குப் பெர்மனென்ட் வேலை கிடைக்கும் என்று இந்தப் பக்கத்தில் யாருக்குத்தான் ஆசை இல்லை? அந்தச் சமயம் பார்த்து, கடனை அடைத்து வீட்டை மீட்கிறேன் என்று பண்ருட்டியிலிருந்து அவர் அண்ணன் கொளஞ்சிநாதன் வந்தார். நல்ல மனிதர். நான் அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "பணம் கட்டுறவரு பட்டாவுல பேரு கேப்பாரும்மா. அப்புறம் வேலை அவரு பையனுக்குத்தான்" என்றேன். அவ்வளவுதான். "எம்புள்ள சோத்துல மண்ண போட வந்துகினு கீறியா?" என்று வாசலில் நிறுத்திக் கேட்டுவிட்டார். அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். பிறகு வரவே இல்லை.

இரண்டாவது ஏலத்தில் நான் ஒருவன்தான். வீடு என் பேருக்கு வந்த பிறகும் அந்த அம்மாவைத் துரத்த எனக்கு மனசு வரவில்லை. கொட்டகையில் இருந்துகொள்ளச் சொன்னேன். கல் நட்ட அன்றைக்கு யார் பேரில் இருந்ததோ அவர்களுக்குத்தான் வேலை என்றேன், கையெடுத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் கல்லுக்கு மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துக் கும்பிட ஆரம்பித்தார்.

மகன் விவரமானவன். சுரங்கத்தில் விசாரித்திருக்கிறான், அப்படி ஒரு எண்ணே கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அம்மா முந்திரி உடைக்கப் போயிருந்த ஒரு பகலில் கடப்பாரையோடு வந்து கல்லைப் பெயர்த்தான். நான் போனபோது கல் சாய்ந்து கிடந்தது. "மாமன் வூட்டு ஒறவையே அறுத்துட்டியேய்யா. எங்கம்மா மூஞ்சில எப்பிடி முழிப்பே?" என்று கேட்டான். அழுதான் சார், பாவம். அழுகிறவனிடம் கடப்பாரையை வாங்குவது சுலபம். குழியை அவனே பாதி தோண்டி வைத்திருந்தான். மீதியை நான் தோண்டினேன். மண்ணைத் தள்ளிக் கல்லைப் பழைய இடத்திலேயே நட்டேன்.

கோபித்துக்கொண்டு திருப்பூர் போய்விட்டான் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். தீபாவளிக்கு அவன் அனுப்பியதாக ஒரு சேலையும் வாங்கிக் கொடுத்தேன். அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அளக்கறவங்க எப்ப வருவாங்க தம்பி? எம்புள்ள எப்ப வருவான்?" என்று கேட்டார். "அளக்க வர்ற அன்னைக்கு அவனும் வந்துருவான்மா" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அதற்குப் பிறகு நான் போகும்போதெல்லாம் அந்தக் கேள்விதான். நானும் சலிக்காமல் அதே பதிலைத்தான் சொன்னேன்.

போன வாரம் நிஜமாகவே அளக்க வந்துவிட்டார்கள். இது எங்கள் கல் இல்லையே என்று பிடுங்கிவிட்டு, அவர்கள் கல்லை நட ஆழமாகத் தோண்டச் சொல்லியிருக்கிறார்கள். அந்த அம்மா தீபாவளிச் சேலையைக் கட்டிக்கொண்டு, அவர்களுக்கு டீ எடுத்துக்கொண்டு ஓடினாராம்.

காலையில் ஸ்டேஷன் வாசலில் என்னைப் பார்த்து மண்ணை வாரித் தூற்றினார். அதுதான் சார் எனக்குத் தாங்கவில்லை. அளக்கிறவர்கள் வருவார்கள் என்றேன், வந்தார்கள். அன்றைக்கே மகனும் வருவான் என்றேன், வந்தான். வாடகை வாங்காமல் குடிவைத்து, சொன்ன சொல்லையும் காப்பாற்றியவனை இப்படியா தூற்றுவது?