உப்புக்கு முந்தைய ஓட்டம்

இரண்டில் எது நல்ல வண்டி என்று கேட்டீர்கள். எல்லோரும் கேட்கிற கேள்விதான். ஆனால் பதிலைக் கடைசிவரை கேட்க யாருக்கும் பொறுமை இருப்பதில்லை. நீங்கள் காபி வாங்கிக் கொடுத்து, கதவையும் சாத்திவிட்டு எதிரே உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் சொல்கிறேன்.

என் பெயர் வெர்னன் ஸ்டகூரா. மோதி நொறுங்கிய வண்டிகளைப் போய்ப் பார்த்து, தவறு யாருடையது என்று காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுப்பதுதான் ஓய்வு பெறும்வரை என் வேலை. வண்டிகளைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் உயராது. அதற்காக எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். என் மகள் கொரின் மருத்துவமனையில் கண் திறக்காமல் கிடக்கிறாள். அவள் கல்யாணம் செய்துகொள்ள இருந்த கோல்பி இறந்துவிட்டான். எனக்குப் பயமாக இருக்கிறது, மேடம். மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். என் மடியில் கனமில்லை. ஆனாலும் எங்காவது தொலைபேசி மணி அடித்தால் எழுந்து நின்றுவிடுகிறேன்.

முதலில் என் கார், சேலஞ்சர். அது வண்டியே இல்லை, வீடு. நீளம், அகலம், எடை எல்லாமே தாராளம். பின்சீட்டில் இரண்டு பெரிய ஆட்கள் நிம்மதியாக உட்காரலாம். அதற்கு இரண்டு சாவிகள் உண்டு. கறுப்புச் சாவியோடு ஏறினால் வண்டி தன் பலத்தில் ஒரு பங்கை ஒளித்து வைத்துக்கொள்ளும். சிவப்புச் சாவியோடு ஏறினால் முழுப் பலமும் காலடியில் வந்து நிற்கும். மிதித்தால் எஞ்சினிலிருந்து ஊளைபோல ஒரு சத்தம் எழும், பக்கத்துத் தெரு நாய்கள் பதில் சொல்லும். திருப்பங்களில் சோம்பேறி. ஆனால் நேர்ச்சாலையில் அதன்மேல் முழு நம்பிக்கை வைக்கலாம்.

மஸ்டாங் அப்படியில்லை. எடை குறைவு. மூக்கைத் திருப்ப நினைத்தாலே திரும்பிவிடும். சாலையில் கிடக்கும் கூழாங்கல்கூட உள்ளங்கைக்குத் தெரியும். பின்சீட்டில் ஒரு பையைத்தான் வைக்க முடியும். ஓட்டுவதற்கு அதைப்போல ஆனந்தம் கிடையாது, ஆனால் அதன் வால் சும்மா இருக்காது. நேரம் பார்க்காமல் மிதித்தால் பின்பக்கம் முன்னால் வரப் பார்க்கும். சனிக்கிழமைகளில் டோனட் கடை வாசலில் வண்டிக்காரர்கள் எல்லோரும் கூடுவோம். என் எதிர்வீட்டு ஸ்டாஷ், கொரின் வந்து நிறுத்தும்போதெல்லாம் எழுந்து நின்று கத்துவான்.

“மஸ்டாங் வந்துருச்சு, பிளாட்பாரத்துல நிக்கிறவனெல்லாம் மரத்து மேல ஏறுங்கடா!”

“உங்க வண்டிக்கு அந்தக் கவலையே இல்ல ஸ்டாஷ் மாமா,” என்பாள் கொரின். “அது ரெண்டு வருஷமா ஜாக்கி மேலதானே குடித்தனம் பண்ணுது?”

அவ்வளவு பேரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் அம்மா வேறொருவரோடு அரிசோனாவுக்குப் போன பிறகு என் வாழ்க்கையில் சிரிப்பு என்று இருந்தது அந்தச் சனிக்கிழமைகளில்தான். சேலஞ்சர் எனக்கு, மஸ்டாங் அவளுக்கு. அவளுக்காகவே வாங்கியது. முன்னால் அவள், பின்னால் நான். அவளுடைய வால்விளக்கைப் பார்த்துக்கொண்டே டெட்ராய்ட் வரை போய்த் திரும்புவேன். இதற்குமேல் ஒரு மனிதனுக்கு என்ன வேண்டும்?

கோல்பி ஃப்ளோரிடாக்காரன். குளிர்சாதனம் பழுது பார்க்கிறவன். ஒரு வேலைக்காக இங்கே மிச்சிகனுக்கு வந்தவன், என் மகளைப் பார்த்துவிட்டு இங்கேயே தங்கிவிட்டான். அவனைப் பற்றிக் குறையாக எதுவும் சொல்ல மாட்டேன். வார்த்தைக்கு வார்த்தை சார் போடுவான். தட்டைக் கழுவி வைப்பான். இலையுதிர் காலத்தில் ஒருநாள், நான் அவித்து வைத்த பியரோகிக் கொழுக்கட்டையை அள்ளி அள்ளித் தின்றுகொண்டே விஷயத்தைச் சொன்னான். கல்யாணம் முடிந்ததும் இரண்டு பேரும் டாம்பாவுக்குக் குடிபோகிறார்களாம்.

“அங்க வருஷம் பூரா வண்டி ஓட்டலாம் சார். மூடி வைக்கிற வேலையே இல்ல.”

“வண்டியையும் கொண்டு போறீங்களா?”

“மஸ்டாங்க மட்டும்தான் சார். அது கொரினோடதுதானே?”

“அப்பா, மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க,” என்றாள் கொரின். “லீவுக்கு லீவு வந்துருவோம்.”

லீவுக்கு வருகிறவர்கள் விருந்தாளிகள். அன்றைக்கு வந்த பயம்தான், மேடம். அது திடீரென்று வரவில்லை, காலிலிருந்து மேலே ஏறியது. அவள் இல்லாத வீட்டில் கணப்பு இயந்திரம் ஓடி ஓடி நிற்கும் சத்தத்தை நான் கேட்டிருக்கிறேன். அவள் கல்லூரியில் தங்கிப் படித்த காலத்தில் அந்தச் சத்தத்துக்குப் பயந்து தொலைக்காட்சியைப் போட்டுவிட்டுத்தான் தூங்குவேன். இனி சாகும்வரை அப்படித்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. பயந்தவன் செய்வதை நிதானமாக இருப்பவனின் கணக்கில் சேர்க்கக்கூடாது. இதை நீங்கள் உங்கள் போலீஸ் அறிக்கையில் குறித்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் ஊரில் பனியைவிட உப்புக்குத்தான் பயப்படுவோம். சாலை உறைய ஆரம்பித்ததும் லாரிகள் வந்து உப்பைக் கொட்டும். உப்பு பட்டால் தகடு அரித்துவிடும். அதனால் லாரி வருவதற்கு முன் ஒவ்வொருவரும் வண்டியை ஒரு கடைசி ஓட்டம் ஓட்டிவிட்டு, கழுவி, மூடி, வசந்தம்வரை கராஜில் தூங்கவிடுவோம். மரியாதைக்குரிய ஆளுக்குத்தான் அந்தக் கடைசி ஓட்டத்தில் ஸ்டியரிங்கைக் கொடுப்பது வழக்கம். போன சனிக்கிழமை அதைக் கோல்பிக்குக் கொடுத்தேன். வரப்போகும் மருமகனுக்கு ஒரு மாமனார் செய்யக்கூடியதில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது.

டயரைப் பற்றியும் கேட்டீர்கள். சேலஞ்சரில் இருப்பது எல்லாப் பருவத்துக்குமான டயர். மஸ்டாங்கில் இருந்தது பந்தய டயர். வெயிலில் அது பிசினாக ஒட்டும். குளிரில் மரப்பலகைபோல இறுகிவிடும், சாலையைப் பிடிக்கவே பிடிக்காது. குளிர்காலத்துக்கான டயர்கள் கராஜ் சுவரில்தான் மாட்டியிருந்தன. இது இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். ஃப்ளோரிடாவில் யாருக்கும் தெரிய வேண்டிய அவசியமில்லை.

அன்று விடிந்தபோது புல்லெல்லாம் வெள்ளையாக இருந்தது. அவர்களுக்கு முன்னால் எழுந்து மஸ்டாங்கை வெளியே எடுத்து எஞ்சினைச் சூடாக்கினேன். சீட்டைச் சூடாக்கினேன். கண்ணாடியில் படிந்திருந்த உறைபனியைச் சுரண்டினேன். சக்கரம் சறுக்காமல் தடுக்கிற கட்டுப்பாடு ஒன்று உண்டு, அதற்கான பொத்தானை அழுத்தி அணைத்தேன். எஞ்சினை நிறுத்திவிட்டு மறுபடி கிளப்பினால் அது தானாக உயிர் பெற்றுவிடும். அதனால் எஞ்சினை நிறுத்தாமல் அப்படியே ஓடவிட்டேன். கோல்பி கைகளைத் தேய்த்துக்கொண்டு வெளியே வந்தான்.

“சார், நான் எத எடுக்கட்டும்?”

“சேலஞ்சர் எங்கள மாதிரிக் கிழவனுங்க வண்டி, தம்பி. நீ மஸ்டாங்க எடு. இனிமே உங்க வீட்டு வண்டிதானே?”

“ரோடெல்லாம் வெள்ளையா இருக்கே சார். வழுக்காதா?”

“அந்த முள்ளப் பாரு. சூடாயிருச்சா? அப்புறம் என்ன?”

முள் காட்டுவது எஞ்சின் சூட்டை. டயரின் சூட்டை அது காட்டாது. நான் பொய் சொல்லவில்லை, எஞ்சின் சூடாகத்தான் இருந்தது. ஆற்றோரச் சாலையில் போகச் சொன்னேன். பாலத்தின்மேல் மிதித்தால் சத்தம் அருமையாக எதிரொலிக்கும் என்றேன். அதுவும் உண்மை. சாலைக்கு முன்பே பாலம் உறைந்துவிடும் என்று அங்கே மஞ்சள் பலகை வைத்திருக்கிறார்கள். பலகையைப் படிக்க வேண்டியது ஓட்டுகிறவரின் பொறுப்பு. வேலை நிமித்தமாக அந்தப் பாலத்துக்கு நான் எத்தனையோ முறை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன்.

கொல்ல நினைத்தாயா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் உங்கள் முகம் கேட்கிறது. கொஞ்சம் பயம் காட்டத்தான் நினைத்தேன். வண்டி ஒரு சுற்றுச் சுற்றும், தடுப்பில் உரசும், பையன் வெளுத்துப்போய்த் திரும்பி வருவான். அப்பா எனக்கு வாங்கிக் கொடுத்த வண்டியை இப்படிப் பண்ணிவிட்டாயே என்று கொரின் சண்டை போடுவாள். அவன் மட்டும் வெயிலைத் தேடிப் போய்விடுவான். என் கணக்கு அவ்வளவுதான். ஒன்று நினைக்க இன்னொன்று நடந்தது.

அந்தக் கணக்கில் கொரின் இல்லை. அவள் குளித்துக்கொண்டிருந்தாள். ஈரத் தலையோடு, கையில் காபியோடு ஓடிவந்து ஏறிக்கொண்டாள். எஞ்சின் சத்தத்தில் நான் கூப்பிட்டது அவளுக்குக் கேட்கவில்லை. வண்டி தெருமுனை திரும்பியது. நான் காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டே நின்றேன். நம் வண்டியின் சத்தம் நமக்கு எவ்வளவு தூரத்திலும் தெரியும். பாலத்தில் அது நான் சொன்னபடியே அருமையாக எழுந்தது. அப்புறம் பாதியில் நின்றுவிட்டது. அந்த அமைதியில் எனக்கு வந்த பயத்தை உங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு சேலஞ்சரில் போனேன். கறுப்புச் சாவியோடு, மெதுவாக. அவசரப்பட்டால் நானும் சறுக்குவேன். அந்தப் பாலத்திலும் சேலஞ்சர் ஒருமுறைகூட வழுக்கவில்லை. இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். சேலஞ்சர்தான் நல்ல வண்டி.

ஸ்டாஷ் உங்களிடம் பேசினானா? எப்போது? ஜன்னலோரம்தான் அவனுக்கு வாசம், வேறு வேலை கிடையாது. கொரின் உடனே ஏறவில்லை, கதவைப் பிடித்தபடி நின்று என்னிடம் ஏதோ கேட்டாள், நான் பதில் சொன்னேன் என்று பார்த்தானாமா? எதிர்வீட்டிலிருந்து உதடு அசைவதுதான் தெரியும், வார்த்தை கேட்காது. கேட்டிருக்காதே?

சரி. கூப்பிட்டேன் என்று நான் சொன்னது அவ்வளவு சரியில்லை. அவள் இந்த ஊர்ப் பெண். தரையைப் பார்த்தாள், சக்கரத்தைப் பார்த்தாள்.

“அப்பா, டயர் மாத்தியாச்சா?” என்று கேட்டாள்.

கோல்பி உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். இல்லை என்று சொல்லியிருந்தால், அப்புறம் ஏன் எனக்கு இந்த வண்டியைக் கொடுத்தீர்கள் என்று அவன் கேட்டிருப்பான். கொரின் என்னைத் திரும்பிப் பார்த்திருப்பாள். அந்தப் பார்வையை நினைத்தேன். எனக்குப் பயமாக இருந்தது, மேடம்.

“போன வாரமே மாத்தியாச்சும்மா,” என்றேன். “குளிருது பாரு, ஏறு.”

இது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். கோல்பியைச் சேர்த்தால் மூன்று பேர். அவன் இனி பேசமாட்டான்.

உங்கள் தொலைபேசிதான் அடிக்கிறது. எடுங்கள். மருத்துவமனையா? என்ன சொல்கிறார்கள்?

கண் திறந்துவிட்டாளா? ஆண்டவருக்கு நன்றி. நான் அழவில்லை, காபி புரையேறிவிட்டது. அவள் ஏதாவது பேசினாளா? யார் பெயரையாவது சொன்னாளா? பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? எந்த அப்பாவும் இதைத்தான் கேட்பார்.

ஒரே ஒரு உதவி செய்யுங்கள். யாரும் இப்போது அவளைக் கேள்வி கேட்கக்கூடாது. அடிபட்ட மூளை, எதையாவது மாற்றி மாற்றிச் சொல்லும். முதலில் என்னை அவளோடு சிறிது நேரம் தனியாக விடுங்கள். அன்று என்ன நடந்தது என்று நானே பக்குவமாக எடுத்துச் சொல்கிறேன். நான் சொன்னால் கேட்டுக்கொள்வாள். சின்ன வயதிலிருந்து என் வார்த்தையை அவள் நம்பாமல் இருந்ததே இல்லை. சனிக்கிழமை காலையும் நம்பித்தான் வண்டியில் ஏறினாள்.