அணைக்கட்டில் படிந்த மண்

"மண்ணுந்தான் செட்டில் ஆயிருக்கு அத்தை."

ஸ்ரீவைகுண்டம் பேருந்தில் என் முன் இருக்கையிலிருந்த பெண் இப்படிச் சொன்னாள். பட்டுச்சேலை, தலை நிறையப் பிச்சிப்பூ. அவளைப் பெண்பார்க்க வந்தவர்கள் வீட்டில் காத்திருப்பதாகப் பக்கத்திலிருந்த அத்தை சற்றுமுன்தான் போனில் பேசியிருந்தாள்.

"நான் மாப்பிள்ளை செட்டில் ஆயிட்டாருங்கேன். நீ மண்ணுங்குற!"

"அணைக்கட்டுல வந்து பாருங்க. மண்ணு பைய பைய படிஞ்சு, தண்ணி நிக்க எடமே இல்ல. வாழையெல்லாம் காயுது. அந்த மண்ணத் தோண்டி எடுக்குற வேலையிலதான நான் இருக்கேன்?"

"கல்யாணம் முடிஞ்சா வேலைய விடணும்னு சொல்லுதாங்கல்லா. நீயும் செட்டில் ஆயிரு."

இதே வார்த்தையைச் சொல்லித்தான் என் மகளின் வேலையை நான் விடவைத்தேன். இப்போது அவள் என்னோடு அதிகம் பேசுவதில்லை. அதனால் காதை வேறு பக்கம் திருப்ப முடியவில்லை.

"அப்போ அந்த மாப்பிள்ளை வேண்டாம் அத்தை."

"ஏட்டி, வந்திருக்கவங்ககிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"வேலைக்குப் போயிட்டாள்னு சொல்லுங்க. கேசரிய மட்டும் குடுத்து அனுப்பிருங்க."

"ஒங்க அப்பன் என்னைய உண்டு இல்லைன்னு ஆக்கிருவான்."

"அப்பாட்ட நான் பேசிக்கிடுதேன்."

அணைக்கட்டு நிறுத்தத்தில் அவள் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். அத்தை ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினாள்.

"ஏட்டி, பட்டுல சேறு பட்டுரும்!"

"சேறுதான அத்தை. அலசுனாப் போயிரும்."