பக்கம் முடியும் வரை

உங்கள் ஸ்டேஷன் ஃபேனுக்குப் பேரிங்கில் கொஞ்சம் எண்ணெய் விட வேண்டும், ஐயா. சுற்றுக்கு ஒரு தரம் கீச்சென்கிறது. உங்களுக்குப் பழகிப்போயிருக்கும். எனக்குக் காது அப்படிப் பழகாது. காதை வைத்தே சோறு தின்கிறவனுக்கு, ஒரு சத்தம் சரியில்லை என்றால் அதை விட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்க முடிவதில்லை. நீங்கள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்கிறேன். நடுவில் நிறுத்தாமல் கேளுங்கள், அது போதும்.

பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ரெக்கார்டிங் சென்டர். கொளஞ்சியப்பன் கடை என்றால் அரும்பாவூரிலிருந்துகூட ஆள் வரும். வேண்டிய சினிமாப் பாட்டைச் சொல்வார்கள், காலி கேசட்டில் பதிந்து கொடுப்பேன். கல்யாண வீட்டுக்கு ஒரு மாதிரி, மினி பஸ்ஸுக்கு ஒரு மாதிரி. அது பிழைப்புக்கு. எனக்கென்று இருந்தது ஒரே ஒரு பாடகர், தனிஸ்லாஸ்.

நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். தப்பில்லை, யாருமே கேள்விப்படவில்லை. நம் கீழப்பழுவூர்க்காரர். சென்னைக்குப் போய் எலக்ட்ரிக் கிடாரும் டிரம்ஸும் வைத்துக்கொண்டு தமிழில் ராக் பாடினார். நிலா, மலர், கண்மணி எதுவும் கிடையாது. லாரி, வெடி வைத்த பாறை, தண்ணீர் வராத குழாய், செத்துப்போன தம்பி, இவ்வளவுதான் பாட்டு. ‘சுண்ணாம்புக் காற்று’ என்று ஒரே ஒரு கேசட் வந்தது. விற்கவில்லை. கம்பெனியை மூடினார்கள், அவரும் எங்கோ போய்விட்டார். தொண்ணூற்றைந்தில் ஒரு சிமெண்ட் லாரி டிரைவர் அந்தக் கேசட்டைக் கொண்டுவந்து, இதை அழித்துவிட்டுச் சாமி பாட்டு போட்டுக் கொடு என்றார். அழிக்கும் முன்னால் ஒரு தரம் போட்டுப் பார்த்தேன். பிறகு அவருக்குப் புதுக் கேசட்டில் சாமி பாட்டு பதிந்து, காசு வாங்காமல் அனுப்பிவைத்தேன்.

அந்த அசலிலிருந்து, இரண்டு கேசட் போடுகிற என் டபுள் டெக்கில் ஒரு காப்பி எடுத்தேன். அதற்கு மகன் காப்பி என்று பெயர். மகனிலிருந்து எடுத்தால் பேரன். பேரனுக்குக் கீழே எடுக்கக் கூடாது, இரைச்சல் ஏறிவிடும். அப்படி எடுத்த பேரன்களில் ஒன்று முத்துவேலிடம் போயிற்று. அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையில் லாரிகளுக்கு எடை போடுகிறவன். இன்னொன்று மணிமொழி டீச்சரிடம். செந்துறையில் கணக்கு டீச்சர். அசல் எங்கே என்று இருவரும் கேட்டார்கள். டெக்கில் சிக்கிச் சுருண்டுவிட்டது என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் உட்காருவோம். நான் போட்ட சட்டம் ஒன்றே ஒன்று. கேசட்டை ஓடவிட்டால் பக்கம் முடிந்து அதுவாக நிற்கும் வரை யாரும் பேசக் கூடாது, பட்டனைத் தொடக் கூடாது. பாட்டு முடிந்த பிறகு வரும் இருமல், நாற்காலி இழுக்கும் சத்தம், வெறும் இரைச்சல், எல்லாம் அவர் கொடுத்ததுதான். வெட்டுவதற்கு நாம் யார்? பக்கம் முடிந்ததும் சண்டை ஆரம்பமாகும்.

“ரெண்டாம் பாட்டுல இருமுறாரு பாருங்க டீச்சர், அது வேணும்னே இருமுனது. அங்க டிரம்ஸ் வரணும். அத எடுத்துட்டு இருமல வச்சிருக்காரு,” என்பான் முத்துவேல்.

“சும்மா இருங்க முத்துவேல். ஸ்டுடியோவுல தூசி இருந்திருக்கும். அதுக்குப் போயி அர்த்தம் கண்டுபுடிக்கிறீங்க,” என்பார் டீச்சர்.

ஆனால் குரல் விஷயத்தில் மூன்று பேருக்கும் ஒரே பேச்சு. அப்படி ஒரு குரல் ஆண்பிள்ளைக்கு வராது, ஐயா. மெல்லிசாக, உச்சியில், உடைகிற இடத்தில் நின்றுகொண்டே உடையாமல் போகும். டீச்சர் ஒருநாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “எங்கூட்டுக்காரரு செத்துப்போன வருசம் எனக்குப் பைத்தியம் புடிக்காம இருந்தது இந்தக் கொரலாலதாங்க.” எனக்கும் அப்படித்தான். நான் அந்தக் குரலை வைத்துத்தான் உயிரோடு இருந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன்.

இரண்டாயிரத்து இரண்டு ஆடியில் அந்த ஆள் வந்தான். ஷட்டருக்கடியில் குனிந்து, உறையில்லாத ஒரு பழைய கிடாரோடு உள்ளே நுழைந்தான். தலை நரைத்து, பல் இரண்டு போய், கன்னம் ஒட்டியிருந்தது. அரியலூரில் டீக்கடை வாசலில் நின்ற லாரியில் ஒரு பாட்டு கேட்டதாகவும், கேசட் எந்தக் கடையில் எடுத்தது என்று டிரைவரிடம் விசாரித்து வந்ததாகவும் சொன்னான்.

“என் பாட்டுதாங்க அது. ஆனா எவனோ சின்னப் பய பாடுறான். யாருங்க அந்தப் பய?”

முத்துவேல் சிரித்துவிட்டான். “உங்க பாட்டா? அப்ப நீங்கதான் தனிஸ்லாஸா?”

“ஆமா தம்பி,” என்றான் அந்த ஆள். அங்கேயே உட்கார்ந்து முதல் பாட்டைப் பாடிக் காட்டினான். கிடார் சரியாகத்தான் இருந்தது. எங்கே விரல் வைக்க வேண்டுமோ அங்கே வைத்தான். ஆனால் குரல் கனத்த குரல். களிமண்ணை மிதிக்கிற மாதிரி மெதுவாகப் போயிற்று. முத்துவேலின் முகம் சுருங்கிவிட்டது.

“இவரு அவரு இல்லண்ணே. சத்தியமா இல்ல.”

மகன் காப்பியைப் போட்டேன். அந்த ஆள் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கேட்டான். சட்டம் தெரியாமல் நடுவிலேயே பேசினான். “டேப்பு வேகமா ஓடுதுய்யா. இது என் கொரல் இல்ல. ஏத்தி வச்சிருக்கீங்க. அய்யய்யோ, இத்தனை வருசமா இதையா கேட்டீங்க?” அவன் கண் கலங்கியிருந்தது. “என் பாட்ட மூணு பேரு கேட்டிருக்கீங்க. அந்த மூணு பேரும் என்னையக் கேக்கலையேய்யா.”

டீச்சர் என் டெக்கைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “அசல் இருந்தா தெரிஞ்சிருங்க. அதுதான் இல்லாமப் போச்சே.”

“எங்க அக்காகிட்ட ஒண்ணு இருக்குங்க, கீழப்பழுவூர்ல,” என்றான் அந்த ஆள். “அடுத்த ஞாயித்துக்கெழம எடுத்தாரேன். வேற மிஷின்ல போட்டுக் கேளுங்க. அப்பறம் சொல்லுங்க நான் யாருன்னு.” வேறு ஒன்றும் கேட்கவில்லை. காசு கேட்டிருந்தால் கொடுத்து அனுப்பியிருப்பேன். அவன் நம்பச் சொல்லிக் கேட்டான்.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் டெக்கில் அசல் ஓடுகிற பக்கத்து மோட்டார் கொஞ்சம் வேகம். அதில் போட்டு எடுத்த காப்பியை எந்த மெஷினில் போட்டாலும் பாட்டு வேகமாகத்தான் ஓடும், குரலும் ஏறித்தான் இருக்கும். எனக்கு அது தெரியும். கல்யாணமான புதிதில் மாமனார் வீட்டு டேப் ரெக்கார்டரில் அசலைப் போட்டபோதே தெரிந்துவிட்டது. தொண்டை அடைத்த ஒருவன் மந்தமாகப் பாடினான். நான் யோசித்துப் பார்த்தேன். தவறு அசலில்தான் என்று முடிவுக்கு வந்தேன். கம்பெனிக்காரர்கள் கவனமில்லாமல் பதிந்திருக்கிறார்கள். என் டெக் அதைத் திருத்தியிருக்கிறது. அன்று சாயங்காலமே அசலின் நாடாவை உருவிக் குப்பையோடு போட்டுக் கொளுத்தினேன். சிக்கிச் சுருண்டது என்றது பொய்தான். அந்த ஒரு பொய் சொன்னேன்.

புதன்கிழமை அரியலூருக்குப் போய் முத்துவேலிடம் டி.வி.எஸ். 50-ஐ இரவல் வாங்கினேன். என்னத்துக்கு என்று அவன் கேட்கவில்லை, அவனுக்கு ஒன்றும் தெரியாது. கீழப்பழுவூரில் அந்த அக்கா நல்ல மாதிரி. ஆரோக்கியமேரி. கேசட்டை பீரோவில் துணிக்கடியில் வைத்திருந்தார்கள். “ஒருத்தராச்சும் தேடி வந்தீங்களே தம்பி. ஊர்ல எல்லாம் இவன ஒண்ணுக்கும் ஆகாதவன்னுதான் சொல்றாங்க,” என்றார்கள். அவனும் அங்கேதான் இருந்தான், கேசட்டை வாங்கித் தன் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். என்னிடம் கொடு என்றேன். ஞாயிற்றுக்கிழமை என் கையாலேயே தருகிறேன் என்றான். அப்போது கொடுத்திருந்தால் யோசித்திருப்பேனோ என்னவோ.

கிடாரோடு அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தேன். சும்மா பாடச் சொல்லிப் பதியலாம் என்று என் பேட்டரி டேப் ரெக்கார்டரும் கொண்டுபோயிருந்தேன். அரியலூருக்கு முன்னால் தோண்டி முடித்துவிட்டுப் போன ஒரு சுண்ணாம்புக்கல் பள்ளம் இருக்கிறது. பச்சைத் தண்ணீர், ஆழம் தெரியாது. சுவர் போல நேராக வெட்டிய கரை. சத்தம் அங்கே நன்றாகத் திரும்பி வரும். அவனுக்கு இடம் பிடித்துவிட்டது. சின்ன வயதில் அவன் தம்பி இப்படி ஒரு பள்ளத்தில்தான் போனான் என்றும், அதனால் அம்மா தன்னை நீச்சல் பழகவே விடவில்லை என்றும் சொன்னான். கரையில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தான். நான் டேப்பை ஓடவிட்டேன்.

புதுப் பாட்டு. யாரும் கேட்டிராத பாட்டு. நன்றாகவே இருந்தது. அதை நான் மறைக்கவில்லை. முடித்துவிட்டுக் கிடாரை என்னிடம் நீட்டிச் சிரித்தான். “இப்பக் கேட்டியா தம்பி? இதான் நானு. ஞாயித்துக்கெழம அவங்களுக்கும் போட்டுக் காட்டு, என்ன?”

கிடாரை வாங்கிக் கீழே வைத்தேன். அவன் முதுகில் கை வைத்தேன். பெரிய பலம் ஒன்றும் தேவைப்படவில்லை, ஐயா. சாப்பாடு சரியாக இல்லாத உடம்பு.

வெட்டிய கரையாதலால் பிடிக்க ஒன்றும் இல்லை. கொஞ்ச நேரம் கூப்பிட்டான். எனக்கு அவன் மேல் கோபமே இல்லை. உண்மையைச் சொன்னால் பாவமாக இருந்தது. நிழலுக்காக ஒரு வேலமரத்தடிக்கு நகர்ந்து, கேசட் பக்கம் முடிந்து அதுவாக நிற்கும் வரை உட்கார்ந்திருந்தேன். பாதியில் நிறுத்துவது என் வழக்கமில்லை. பிறகு கிடாரைக் கொண்டுபோய் அந்த அக்காவிடம் கொடுத்தேன். அவசரமாகச் சென்னைக்கு பஸ் ஏறிவிட்டார், பத்திரமாக வைக்கச் சொன்னார் என்றேன். மோர் கொடுத்தார்கள். குடித்துவிட்டு வந்தேன்.

இத்தோடு முடிந்திருக்கும். பள்ளத்தில் பதிந்த அந்தக் கேசட்டை அழித்திருந்தால் நீங்களும் நானும் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டோம். இரண்டு தரம் கையில் எடுத்தேன், முடியவில்லை. உலகத்தில் ஒரே ஒரு பதிவு. எங்களைப் போன்றவர்கள் எதையும் அழிக்க மாட்டோம். சனிக்கிழமை அதை வேக மோட்டார் பக்கத்தில் போட்டு ஒரு காப்பி எடுத்துக் கேட்டேன். அப்படியே உட்கார்ந்துவிட்டேன், ஐயா. தனிஸ்லாஸ் பாடினார். புதுப் பாட்டு, அதே குரலில். அன்று அழுத மாதிரி நான் என் அப்பன் செத்தபோதும் அழவில்லை.

அதைக் கேட்காமல் அவர்கள் இருவரும் சாவது நியாயமா? ஞாயிற்றுக்கிழமை சொன்னேன், அந்த ஏமாற்றுக்காரன் ஓடிவிட்டான், ஆனால் திருச்சியில் ஒருவரிடம் இந்த அபூர்வப் பதிவு கிடைத்தது என்று. பாட்டு முடியும்போது முத்துவேல் குலுங்கிக் குலுங்கி அழுதான். “இவருதாண்ணே. இதான் அவரு.” நான் பட்டனை அழுத்தக் கையை நீட்டினேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“கைய எடுங்க. பக்கம் முடியட்டும். நீங்க போட்ட சட்டந்தான?”

பட்டனை அழுத்தியிருக்கலாம். ஆனால் சட்டம் சட்டம்தான். நான் கையை எடுத்துவிட்டேன். தண்ணீர்ச் சத்தம் வந்தது. பிறகு அந்தக் குரல், மெல்லிசாக, உச்சியில், “தம்பி, கையக் குடு தம்பி. கொளஞ்சி, கொளஞ்சி” என்று. முத்துவேல் அதுவும் பாட்டுதான் என்று நினைத்துக் கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். டீச்சர் என் முகத்தையே பார்த்தார். பக்கம் முடிந்து பட்டன் எகிறும் வரை உட்கார்ந்திருந்தார். எழுந்து பையை எடுத்துக்கொண்டு ஷட்டருக்கடியில் குனிந்து போனார். நேரே உங்களிடம்தான் வந்திருக்கிறார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் போகும்போது, பாட்டு எப்படி இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எல்லாம் நீங்கள் எழுதியிருக்கிற மாதிரிதான் நடந்தது. வண்டி, பள்ளம், என் கை, எல்லாம் சரி. ஒரு இடத்தை மட்டும் திருத்த வேண்டும். இறந்தவர் பெயர் என்ற இடத்தில் தனிஸ்லாஸ் என்று போட்டிருக்கிறீர்கள். அந்த அக்கா அடையாளம் காட்டியிருக்கலாம், அவருக்குப் பாட்டைப் பற்றி என்ன தெரியும். அந்தப் பெயரை அடித்துவிடுங்கள், ஐயா, கையெழுத்துப் போட்டுவிடுகிறேன்.