கிளினிக் கணினியின் பழைய தேதி

நிரல் எழுதித் தரும் சிறிய கடை நடத்துபவன் ஒரு கருவி வாங்கும்போது விலையைப் பார்ப்பதில் தவறில்லை. தொண்ணூற்றெட்டாம் ஆண்டுக் கடைசியில், ஜாவா என்ற நிரல்மொழியில் இணைய நிரல் எழுத எங்களுக்கு ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. ஜார்ஜ் டவுன் கிளினிக் ஒன்று, அன்றன்று இரத்தப் பரிசோதனைக்கு அழைக்க வேண்டிய நோயாளிகளைத் திரையில் காட்டும் நிரல் கேட்டிருந்தது. பிடித்துப்போனால் மற்றக் கிளைகளுக்கும் எடுத்துக்கொள்வார்கள்.

கடையில் நானும் சந்திரிகாவும்தான். சுங்கை பினாங் அடுக்குமாடியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். ஜாவாவைத் தானாகவே படித்தவள்.

"காசு குடுத்து வாங்குறதெல்லாம் நமக்கு ஆவாதுண்ணே. இலவசமா கிடைக்கிறத வச்சே எழுதிடலாம்லா. நோட்பேட் போதும். கொஞ்சம் லேட்டாகும், அவ்ளோதான்."

தாமதம் எனக்குப் பிடிக்கவில்லை. விலை கூடிய மென்பொருள் ஒன்றின் முப்பது நாள் சோதனைப் பதிப்பு, பத்திரிகையோடு வந்த குறுந்தட்டில் இருந்தது. அதில் திரைகளை மவுஸாலேயே வரைந்துவிடலாம். நாள் முடிந்தால் பூட்டிக்கொள்ளும். கணினியின் தேதியைப் பின்னுக்குத் தள்ளி வைத்தால் பூட்டாது. அந்த யோசனை என்னுடையது.

"நல்ல கள்ள வேலண்ணே," என்று சிரித்தாள். "கணினிக்கு டிசம்பர் முடியவே முடியாது."

இரண்டாவது கணினி எங்களிடம் இல்லை. கிளினிக்கின் பின்னறையில் வைத்த ஒரே கணினியில் நிரலை எழுதவும் செய்தோம், ஓட்டவும் செய்தோம். அதனால் ஒரு பழக்கம் வந்தது. காலையில் சந்திரிகா உண்மையான தேதியை வைப்பாள். தாதி ரொஸ்னா பட்டியலைப் பார்த்து எல்லோருக்கும் தொலைபேசியில் சொல்லி முடித்ததும், தேதியை டிசம்பருக்குத் திருப்பிவிட்டு வேலையைத் தொடங்குவாள். மென்பொருளை முழுவதும் மூடாமல் தேதியைத் தொட்டால் அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். பழைய நோயாளி அட்டைகளைக் கட்டி அலமாரியில் போடச் சொன்னதும் நான்தான். அட்டையும் கணினியும் சேர்ந்தே இருந்தால் யாரும் புதியதை நம்பமாட்டார்கள்.

தைப்பூச வாரத்தில் சந்திரிகா லீவு கேட்டாள். தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் நேர்த்தி.

"காலைல தேதிய மாத்த மறந்துறாதீங்கண்ணே."

"நான் பாத்துக்கிறேன். நீ போ."

அந்த வாரக் கடைசியில் கிளினிக் உரிமையாளருக்கு நிரலைக் காட்ட வேண்டியிருந்தது. இரண்டு திரைகள் முடியவில்லை. மென்பொருளை மூடித் திறப்பதில் என் கை அவ்வளவு பழகவில்லை. பூட்டிக்கொண்டால் எல்லாம் போய்விடும். ஆகவே தேதியை நான் மாற்றவில்லை.

ரொஸ்னா பின்னறைக்கு வந்தாள். "என்னண்ணே இது, போன மாசம் வந்தவங்க பேரெல்லாம் வருது? ஒரு அங்கிள் போன்ல திட்டுறாரு, என் ரத்தத்த வித்துப் பொழைக்கிறீங்களான்னு."

"புது நிரல், அப்படித்தான் இருக்கும். அவங்கள விட்டுடு. இன்னிக்கி வேற யாரும் இல்ல."

அவள் போய்விட்டாள். மறுநாளும் அதையே சொன்னேன்.

என் மனைவி பத்மாவதியும் அந்தக் கிளினிக்கில்தான் சிகிச்சை பெற்றுவந்தாள். இதய வால்வை மாற்றிய பிறகு, இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவள். தொண்டைப் புண்ணுக்குப் புது மருந்து கொடுத்த டாக்டர், அது இரத்தத்தை மேலும் இளக்கிவிடலாம் என்று பரிசோதனையை முன்னுக்குக் கொண்டுவந்து கணினியில் பதிந்திருந்தார்.

"இஞ்சேருங்கோ, கிளினிக்கில இருந்து கூப்பிடேல்லையே?" என்று, வீட்டில் நாங்கள் பேசும் ஊர்த் தமிழில் கேட்டாள். பல் துலக்கிய தொட்டியில் இரத்தம் கிடந்தது.

"உம்மட பேர் வந்தா கூப்பிடுவினம்."

"நீங்க செய்த புரோகிராம்தானே, பிழை விடாது," என்று சொல்லிவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அடுத்த நாள் தலைவலி என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. மூளையில் இரத்தக் கசிவு என்றார்கள்.

நிரலைக் காட்டும் நாளைத் தள்ளிவைக்கலாம் என்று உரிமையாளர் சொல்லியனுப்பினார். வேண்டாம் என்றேன். சாம்பல் அள்ளும் காடாத்துச் சடங்கு முடிந்த மறுநாள் போய்க் காட்டினேன். எல்லாத் திரைகளும் வேலை செய்தன. கிளைகளுக்கும் வாங்கிக்கொண்டார்கள்.

செத்தவீட்டிலேயே ஒருவர் கேட்டிருந்தார், ஏன் அவளைப் பரிசோதனைக்குக் கூப்பிடவில்லை என்று. பெண்பிள்ளை தேதியை மாற்றாமல் லீவில் போய்விட்டது என்றேன். சந்திரிகா வாசலில் நின்றுகொண்டிருந்தாள்.

"நான் சொல்லிட்டுத்தானேண்ணே போனேன்."

அவள் அதன் பிறகு கடைக்கு வரவில்லை. புக்கிட் தெங்கா தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

இவ்வளவு காலமும் இதைக் கவனக்குறைவு என்றே எனக்குச் சொல்லிவந்தேன். மலிவான வழியைத் தேடியவனின் பிழை என்றும் சொல்லிப் பார்த்தேன். ஆனால் மலிவானதைச் சந்திரிகா முதல் நாளே காட்டிவிட்டாள். அதற்கு ஒரு காசும் செலவில்லை.

டாக்டர் அந்தப் பரிசோதனைத் தேதியைக் குறித்தபோது பத்மாவதி வெளியே மருந்து வாங்க நின்றாள். அறையில் நான்தான் இருந்தேன். "கிளினிக்கிலிருந்தும் அழைப்பார்கள், நீங்களும் சொல்லிவிடுங்கள்," என்றார். தொட்டியில் இரத்தம் கிடந்த காலை, அந்தத் தேதிதான். நான் சொல்லியிருந்தால் அவள் நேரே ரொஸ்னாவிடம் போய், என் பெயர் ஏன் பட்டியலில் இல்லை என்று கேட்டிருப்பாள். கணினியின் தேதி பொய் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். ஆகவே நான் அவளிடம் சொல்லவில்லை.