ஊதாக் காரின் மூன்றாவது கோட்டு

காருக்குப் பெயிண்ட் அடிப்பதில் பாதி வேலை தரைக்குத் தண்ணீர் தெளிப்பதுதான். வெளியாளிடம் சொன்னால் சிரிப்பான். காய்ந்த தரையில் ஒரு அடி எடுத்து வைத்தாலே தூசி எழும்; எழுந்தது நேராக ஈரப் பெயிண்டின் மேல்தான் போய் உட்காரும். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பியுங்கள் என்றீர்கள், மேடம். நான் தரையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் நார்பர்ட் வோய்ச்சிக். நார்ப் என்பார்கள். டெட்ராய்ட் பக்கத்தில் ஒரு கார் ஆலையின் பெயிண்ட் அறையில் முப்பது வருஷம் நின்றேன். முப்பது முடிந்தால் ஓய்வூதியம் வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிடலாம் என்பது எங்கள் யூனியன் வாங்கிக் கொடுத்த உரிமை. போன வருஷம், தொண்ணூற்றேழில், ஐம்பது வயதில் வெளியே வந்தேன். அந்த முப்பது வருஷத்தில் ஒரு காருக்கு எனக்குக் கிடைத்தது ஒரு நிமிஷம். இடது பக்கக் கதவும் பின் மட்கார்டும். அதற்குள் அடுத்தது வந்துவிடும். நான் முழுதாக முடித்த கார் என்று ஒன்றுகூடக் கிடையாது. இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கு அப்படி.

ஆலையில் ஒரு விதிதான் விதி. கார்கள் வரிசையாக நகர்ந்து வரும் லைனை நிறுத்தக்கூடாது. ஓடிஸ் என்று எனக்கு எதிர்ப்பக்கம் நின்றவன், ஒரு ஜூலை மாதம் வெக்கையில் சுருண்டு விழுந்தான். நான் பெயிண்ட் பீய்ச்சும் கன்னைக் கீழே போடப் போனேன். மேஸ்திரி கண்ணாடிக்கு வெளியே நின்று கத்தினார்: "டேய், அவனை ரெண்டு பேர் பார்த்துக்குவாங்க. உன் கதவை நீ பாரு!" நான் கதவைப் பார்த்தேன். ஓடிஸ் திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டான். ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் காரின் பெயரை நீங்கள் ஏற்கெனவே எழுதிக்கொண்டீர்கள். எழுபதாம் வருஷத்து வண்டி. இரண்டு கதவு, எட்டு சிலிண்டர்; நாங்கள் இளவட்டங்களாக இருந்தபோது உட்வர்டு சாலையில் சிக்னலுக்குச் சிக்னல் உறுமிக்கொண்டு நின்ற ரகம். எண்பத்து நாலில் இம்லே சிட்டியில் ஒரு பண்ணைக் கொட்டகையிலிருந்து இழுத்து வந்தேன். பின் சீட்டில் கோழி முட்டையிட்டிருந்தது. தரைத்தகடு இல்லை. பதினாலு வருஷம், வாரன் ஊரில் எங்கள் வீட்டோடு ஒட்டிய ஷெட்டில், ஷிப்டு முடிந்து வந்து ஒவ்வொரு தகடாகச் சரி செய்தேன். ஆலை எப்படிச் செய்ததோ அப்படியே. அடித்தட்டில் ஆலைக்காரன் விட்ட பெயிண்ட் வழிசல் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்தில் நானும் வழியவிட்டேன். சோதனைக்காரன் மெழுகுச் சாக்பீஸால் கிறுக்கும் குறியைக்கூட இடது கையால் கிறுக்கினேன். எங்கள் ஆலையில் அந்த ஆள் இடது கைக்காரன்.

பழைய கார் கண்காட்சிகளில் இதற்குத்தான் புள்ளி, ஆலையிலிருந்து வந்தபடியே இருக்கிறதா என்பதற்கு. ஆயிரம் புள்ளியிலிருந்து கழித்துக்கொண்டே வருவார்கள்.

என் மனைவி ஜெனிவீவுக்கு இதெல்லாம் வேடிக்கை. யார் வந்தாலும் சொல்வாள்: "எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு பொண்டாட்டி. நான் சமைக்கிறேன், அவ ஷெட்டுல ஒய்யாரமா நிக்கிறா. புதுத் துணி யாருக்கு எடுப்பார்னு நெனைக்கிறீங்க?" நல்ல பெண். அவளுக்கு இழுப்பு இருந்தது. சிறு வயதிலிருந்தே. மருந்தை வாய்க்குள் அடிக்கும் கைப் பம்பு எப்போதும் ஏப்ரன் பையில் இருக்கும். அதற்கு அடங்காவிட்டால் மருந்தை ஆவியாக்கும் மிஷின் ஒன்று சமையலறையில் இருந்தது. கரண்டில் ஓடுவது.

மே மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை. வானிலை சரியாக இருந்தது: காற்று இல்லை, ஈரப்பதம் குறைவு. ஞாயிறு காலையில் தெருவே சர்ச்சுக்குப் பூசைக்குப் போய்விடும்; புல்வெட்டும் மிஷின் ஓடாது, யாரும் வண்டி எடுக்க மாட்டார்கள். தூசி இல்லை. அந்த நாளை நான் மூன்று வாரமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஜெனிவீவும் பூசைக்குப் போகிறவள்தான். நான்தான் இருக்கச் சொன்னேன். அவள் தம்பி ஃப்ளோரியன் ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்குத் தொத்திறைச்சிப் பொட்டலத்தோடு ஷெட் கதவை மேலே தள்ளிக்கொண்டு நுழைகிறவன். அவனைத் தடுக்க ஆள் வேண்டும்.

அவளே அவனுக்குப் போன் போட்டாள். "டேய் ஃப்ளோர், இன்னிக்கு இந்தப் பக்கம் தலை காட்டாதே. உன் மச்சான் சக்களத்திக்கு அலங்காரம் பண்றார். ஒரு தும்மல் போட்டா கூட உன்னைக் கொன்னுடுவார்." அந்தப் பக்கம் அவன் ஏதோ சொல்ல, விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்து முடித்ததும் கொஞ்சம் இழுத்தது. பம்பை இரண்டு தடவை அடித்துக்கொண்டாள்.

கன்னுக்குக் காற்று கொடுக்கும் கம்ப்ரஸரைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரியது, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அது ஓடும்போது வீட்டில் ஃபிரிட்ஜ் கிளம்பினால் போதும், மெயின் விழுந்துவிடும். ஒரு கதவைப் பாதி அடிக்கும்போது காற்று நின்றால் கன் பெயிண்டைத் துப்பும். அதனால் ஷெட்டுக்கு மட்டும் கரண்ட் வைத்துக்கொண்டு வீட்டின் மற்ற எல்லா சுவிட்சுகளையும் இறக்கிவிட்டேன். சுவிட்சுப் பலகை ஷெட்டில்தான் இருக்கிறது. ஆமாம், சமையலறையும் அதில் அடக்கம். ஆமாம், போனும். கம்பியில்லாத போன், தாங்கியில் கரண்ட் இல்லாவிட்டால் வேலை செய்யாது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒளித்துச் செய்த காரியம் எதுவும் இல்லை.

பெயிண்டில் கலக்கும் கெட்டிப்படுத்தும் மருந்து டப்பாவிலேயே எழுதியிருக்கிறது, மூச்சுக் கோளாறு உள்ளவர் அருகில் இருக்கக்கூடாது என்று. அதைப் படித்துத்தான் ஷெட்டுக்கும் சமையலறைக்கும் நடுவில் இருக்கும் கதவுக்கு டேப் ஒட்டச் சொன்னேன். என் பக்கம் நான் ஒட்டினேன், அந்தப் பக்கம் அவள் ஒட்டினாள். கீழ் இடுக்கில் ஈரத் துண்டு.

கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "யோவ், உன்னைக் கூப்பிடணும்னா?"

"தட்டு. ஒண்ணு தட்டினா ஆள் வந்திருக்குன்னு அர்த்தம். ரெண்டு தட்டினா, அவசரமில்ல, முடிச்சிட்டு வா."

"மூணு?"

"மூணு தட்டினா வீடு பத்திக்கிச்சு. போட்டது போட்டபடி வந்துடறேன்."

"சத்தியமா?"

"வீடு பத்திக்கிட்டா எதுக்கு நின்னு தட்டிக்கிட்டு இருக்கே? ஓடிடு."

அவள் சிரித்தது கேட்டது.

பெயிண்டர்கள் நாங்கள் நோட்டுப் புத்தகம் வைத்திருப்போம். வெப்பம், ஈரப்பதம், எந்தக் கோட்டு, அதாவது எந்தப் பூச்சு, எத்தனை மணிக்கு. ஒரு கோட்டுக்கும் அடுத்ததுக்கும் இடைவெளி தவறினால் மூன்றாம் வாரம் சுருக்கம் விழும். அப்போது எங்கே பிசகியது என்று பார்க்க வேண்டும். பத்து ஐம்பதுக்கு முதல் கோட்டு. பதினொன்று பத்துக்கு இரண்டாவது. பதினொன்று முப்பதுக்கு மூன்றாவது, கடைசி. அது ஊதா நிறம், உள்ளே பொடிப்பொடியாக அலுமினியத் துகள். அந்த நிறத்தில் நடுவில் கையை நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் பட்டை விழும். எந்தப் பாலிஷும் அதை எடுக்காது. முழுதாக உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மறுபடி முதலிலிருந்து.

பதினொன்று நாற்பத்திரண்டுக்கு நான் கூரையும் இடது பக்கமும் முடித்து எஞ்சின் மூடியில் இருந்தேன். மிச்சம் டிக்கியும் வலது பக்கமும். ஒன்பது நிமிஷ வேலை.

அன்றைக்கு ஆம்புலன்ஸ்காரர்களிடம், கம்ப்ரஸர் சத்தத்திலும் முகமூடிக்குள்ளும் எதுவும் கேட்கவில்லை என்றேன். அவர்களும் தலையாட்டினார்கள். டாக்டர் இழுப்பு என்று எழுதினார். இழுப்புதான். கல்லறையில் ஃப்ளோரியன் என் தோளில் விழுந்து அழுதான்: "மச்சான், நான் அன்னிக்கு வந்து தொலைச்சிருக்கக் கூடாதா?" நீ வராததே நல்லது என்று முதுகைத் தட்டிக் கொடுத்தேன். அதை அவன் ஆறுதலாக எடுத்துக்கொண்டான்.

யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்த நோட்டுப் பக்கத்தை நானாகத்தான் கொடுத்தேன், மேடம். அதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

ஆகஸ்டில் கண்காட்சி. டார்வின் ஃபிட்ச் என்று ஒரு நடுவர், கண்காட்சிகளில் பல வருஷப் பழக்கம்; இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கிளெய்ம் சரிபார்த்து ஓய்வு பெற்றவர். டார்ச் விளக்கோடு அடியில் படுத்துப் பார்த்தார். மெழுகுச் சாக்பீஸ் குறியைப் பார்த்து விசிலடித்தார். பிறகு எழுந்து வந்து கதவில் கன்னத்தை வைத்து நீளவாக்கில் பார்த்தார். பார்த்துவிட்டுப் பன்னிரண்டு புள்ளி கழித்தார்.

"எதுக்கு?" என்றேன்.

"ரொம்ப நல்லா இருக்கு, அதுக்குத்தான். ஆலைப் பெயிண்டுன்னா ஆரஞ்சுத் தோல் மாதிரி பொரிபொரியா இருக்கணும். இது கண்ணாடி. உப்புத்தாள் போட்டுத் தேச்சு மெருகு ஏத்தியிருக்கீங்க. ஆலையில எவன் இப்படி அடிச்சான்?"

"ஆலையில அடிச்சவனே நான்தான்யா."

"அப்ப நீங்களே சாட்சி," என்று சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

நான் தேய்க்கவில்லை. ஒரு நூல்கூடத் தேய்க்கவில்லை. கன்னிலிருந்து வந்தது வந்தபடி இருக்கிறது. நேரம் கிடைத்தால் மனிதன் கை அப்படி அடிக்கும் என்பது அவருக்குத் தெரியவில்லை. ஆதாரம் இருந்தால் மேல்முறையீடு செய்யலாம் என்றார்கள். தேய்த்திருந்தால் அதுவும் நோட்டில் ஏறியிருக்கும். வீட்டுக்கு வந்து நோட்டுப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துக் கண்காட்சிக் குழுவுக்கு அனுப்பினேன். அதில் இப்படி இருந்தது:

11.30 மூன்றாம் கோட்டு. 11.42 கதவு, மூன்று தட்டு. 11.51 கன் கீழே. 12.15 தூசி ஒட்டாது. கதவு திறப்பு.

அனுப்பும்போது அந்த இரண்டாவது வரியை மறைக்கலாமே என்று எனக்குத் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்டீர்கள். தோன்றியது. ஆனால் ஒரு வரியை வெள்ளையடித்துவிட்டு மற்ற வரிகளை நம்பு என்றால் எவன் நம்புவான்? ஃபிட்ச் ஜெனிவீவின் சாவுக்கு மாலை அனுப்பியவர். பக்கத்தின் தேதியை அவள் இறந்த தேதியோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார். கிளெய்ம் பார்த்த கண். பக்கத்தைப் போலீஸில் உங்களிடம் கொண்டு வந்துவிட்டார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. ஒன்றை மட்டும் அவரிடம் கேளுங்கள். என்னைப் பிடிக்க அந்தப் பக்கம் நம்பத்தக்கது என்றால், அதே பக்கம் பெயிண்டுக்கும் நம்பத்தக்கதுதானே? பன்னிரண்டு புள்ளியைத் திருப்பித் தர வேண்டாமா?

சரி. கேட்டது. மூன்று தட்டு. ஒன்று, இரண்டு, கொஞ்சம் பொறுத்து மூன்று. எனக்கு நன்றாகக் கேட்டது. கன்னை வலது கையில் பிடித்துக்கொண்டே இடது கையால் பென்சிலை எடுத்து எழுதினேன். ஊதா விரல்ரேகை பக்க ஓரத்தில் இருக்கிறது. சுவிட்சுப் பலகை என்னிடமிருந்து நாலு எட்டு. ஒரு சுவிட்சை ஏற்றியிருந்தால் அவள் மிஷின் ஓடியிருக்கும். கம்ப்ரஸரை நிறுத்த வேண்டியிருந்திருக்கும். எனக்குத் தெரியும். தெரிந்து டிக்கிக்குப் போனேன். பிறகு வலது பக்கம். ஒரு வழிசல் இல்லை.

ஒன்பது நிமிஷம் புரிகிறது, மிச்சம் இருபத்துநாலு நிமிஷம் என்ன செய்தீர்கள் என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். முக்காலியில் உட்கார்ந்திருந்தேன். அசைந்தால் தூசி. பெயிண்ட் மேல்பக்கம் கட்டும்வரை கதவைத் திறக்கக்கூடாது. சுவிட்சுப் பலகைக்கு நடந்தாலும் காற்று கலையும். முழுதாக முடித்த காரை நான் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த இருபத்துநாலு நிமிஷம் நான் சந்தோஷமாக இருந்தேன். கேட்டதற்காகச் சொல்கிறேன்.

இதற்கு என்ன பெயர் வைக்கிறீர்களோ வையுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் மட்டுமே முடிவு செய்தது போல எழுதாதீர்கள். கதவைத் திறந்தபோது அவள் அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்; மிஷினை மடியில் வைத்து, மூக்கில் மாட்டுவதை மாட்டிக்கொண்டு. பம்பு தரையில் காலியாகக் கிடந்தது. அவள் பக்கத்து டேப்பைக் கீழ் மூலையிலிருந்து நாலு அங்குலம் உரித்திருந்தாள். நாலே அங்குலம். அதோடு நிறுத்தியிருந்தாள். கையில் அவ்வளவுதான் தெம்பு இருந்திருக்கும் என்கிறீர்கள். உங்களுக்கு அவளைத் தெரியாது, மேடம். பெயிண்டரோடு இருபத்தாறு வருஷம் குடித்தனம் செய்தவள். இன்னும் கொஞ்சம் உரித்தால் தூசி உள்ளே வந்துவிடும் என்று யோசித்திருக்கிறாள்.