றோபோ விட்டுவைத்த முடி

வீடு கட்டும் சீமெந்துக்கல்லை அச்சில் அரிந்து முதுகு விட்டுப்போனதால், அச்சுவேலி ஊரில் பார்த்த அந்த வேலையை விட்டு நடந்துகொண்டிருந்தேன். வழியில் வந்த பஸ்ஸில் ஏறினேன். முன் இருக்கையில் லண்டனிலிருந்து வந்த ஒருவரும் அவருடைய தமக்கையும்.

"மூளையிலை கட்டி எடுத்தவை எண்டாய், தலைமயிர் அப்பிடியே கிடக்கு?"

"ஊசி மாதிரி ஒரு றோபோ அக்கா. சின்னத் துளையாலை போய், வளைஞ்சு வளைஞ்சு கட்டியை எடுத்துப்போட்டுது. துளை போட்ட இடம் மட்டும்தான் மழிச்சவை."

"நீ பிழைச்சால் சந்நிதி முருகனுக்கு மொட்டை எண்டெல்லோ நேர்ந்தனான். நாளைக்குக் காலமை போறம்."

"ஐயோ! ஞாயிற்றுக்கிழமை பொம்பிளை பாக்கப் போறமெல்லோ?"

"அவை முடியையே பாக்கிறது? ஆள் உயிரோடை இருக்கிறதைப் பாக்கட்டும்."

இருவரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள்.

அன்னதானச் சோறு கிடைக்கும் என்று நானும் சந்நிதி முருகன் கோயிலடியில் இறங்கினேன். மறுநாள் காலை, மொட்டை போடும் கொட்டிலில் கூட்டும் வேலை கிடைத்தது. முதலில் கூட்டியது, றோபோ விட்டுவைத்த அந்த முடியைத்தான்.